தொப்பூர் இறக்கத்துக்கு முன்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் முதலில் கேட்பது, எவ்வளவு வேகம் போகும் என்றுதான். பெங்களூரில் வாங்கிச் சேலத்துக்கோ மதுரைக்கோ ஓட்டி வருகிறவர் கேட்க வேண்டியது, எவ்வளவு நன்றாக நிற்கும் என்று. வழியில் தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் இருக்கிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே சேலம் நோக்கி வளைந்து வளைந்து சரிகிறது. முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய லாரிகள். சமதளத்தில் வித்தை காட்டிய வண்டி, அந்த இறக்கத்தில்தான் தன் வயதைச் சொல்லும்.

மினுங்கும் பெயின்ட் முந்தைய உரிமையாளரின் ஆசையைக் காட்டும்; அவருடைய அக்கறையைக் காட்டுவது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் காலுக்குப் பஞ்சாகிவிடும். பட்டன் தேயாத டயரையும் இளசு என்று நம்பிவிடக் கூடாது. ஆசைக்கு வாங்கி ஷெட்டில் நிறுத்திய கார்களில் டயர் ஓடாமலே கிழடாகும். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம் பிறந்தது. (ஆர்.சி. புத்தகம்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை.)

இரண்டையும் புதிதாக மாற்றியவரும் பெட்ரோல் மிச்சம் என்று சரிவில் நியூட்ரலில் விட்டால், இன்ஜினின் பிடியைத் தாமே அவிழ்த்துவிடுகிறார். குறைந்த கியரில் இறங்கும் காரை இன்ஜினும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்குச் சூடு ஆற நேரம் கிடைக்கும்.