பசித்த முகத்தைப் பார்த்தல்

துன்பத்தில் இருப்பவரிடம் போய், மனத்தை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. வேலை போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்து நாள்கணக்கில் கிடப்பவர் இவர்களிடம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது? இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டுச் சொல்லப்படும் எந்த அறிவுரையும் கேட்பவரை இன்னும் தனியாளாக்கும்.

இந்தக் கேள்விக்கு நேர் நின்று பதில் தேடியவர் என்று நான் கருதுவது வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளை. மழை பொய்த்ததால் 1866இல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் கொடும் பஞ்சம் வந்தது. ஒரிசாவில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். மறு ஆண்டு, 1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் வடலூரில் கொடுத்த நிலத்தில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. அருளைப் பற்றி ஆயிரக்கணக்கில் பாடியவர் வடலூரில் முதலில் அமைத்தது சோறு போடும் இடத்தைத்தான். வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை 1872இல்தான் வந்தது. இந்த வரிசையை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை.

‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற அவருடைய உரைநடையைப் படித்தால் காரணம் விளங்கும். பசித்தவன் உடம்பில் என்னென்ன நேர்கிறது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: கண் குழிகிறது, காது அடைக்கிறது, நா வறள்கிறது, அறிவு மயங்குகிறது. பிறகு அதே உடம்பு உண்டபின் எப்படித் தெளிகிறது என்பதையும் சொல்கிறார். உண்டவர் முகத்தில் மலர்வதும் அதைக் கண்டு ஊட்டியவர் உள்ளத்தில் எழுவதும் அவருக்குக் கடவுள் இன்பமே. கொடுத்தவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று என்று அவர் அதைப் பிரிப்பதில்லை. துன்ப காலத்து மகிழ்ச்சி பற்றி நான் அறிந்தவற்றுள் இதைவிட உறுதியான விளக்கம் வேறில்லை.

ஒரு தடையை அவரே எழுப்பிக்கொள்கிறார். முன்வினைப்படி ஒருவன் பட்டினி கிடக்கிறான். அவனுக்குச் சோறு கொடுப்பது ஆண்டவன் ஆணைக்கு எதிராகாதா? கொடிய குற்றவாளிக்கும் சிறையில் உணவு கொடுக்கச் செய்பவன்தானே அரசன் என்பது அவர் பதில். ‘எல்லாம் அவன் தலையெழுத்து’ என்று சொல்லி நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கடன்பட்டுக் கெட்டவனைப் பார்த்தும் குடியால் அழிந்தவன் வீட்டைப் பார்த்தும் அப்படித்தான் சொல்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டார்களா என்று கேட்பதில்லை.

வள்ளலார் மறைந்து மூன்றாண்டுகள் முடிவதற்குள் தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தைச் சூறையாடியது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களுக்கான தானிய அளவை நாளுக்கு ஒரு பவுண்டாக, அதாவது சுமார் 450 கிராமாக, குறைத்தார். செலவை மிச்சப்படுத்துவதே நோக்கம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், வேலை செய்யும் உடம்பு இதைக்கொண்டு பிழைக்காது என்று விடாமல் வாதாடினார். சில மாதங்களில் அளவைக் கூட்ட வேண்டிவந்தது. ஒருவர் கணக்கைப் பார்த்தார், இன்னொருவர் மெலிந்துபோன உடம்புகளைப் பார்த்தார். அதே அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே அப்படிப் பார்க்க முடிந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறர் துன்பத்தைப் பார்த்து உதவுவதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது படகுகளோடு தெருக்களுக்குள் வந்தவர்களில் மீனவர்கள் பலர். கடலை நம்பி வாழ்பவர்கள். 2004 சுனாமியின் அடியை முதலில் வாங்கிய கரைகளைச் சேர்ந்த மக்கள். மாடிகளில் சிக்கியவர்களை இறக்கிக் கரைசேர்த்தார்கள்.

பேரிடரில் மட்டுமல்ல, வீட்டுத் துக்கத்திலும் இதைக் காணலாம். நம் ஊர்களில் சாவு விழுந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரோ பக்கத்து வீட்டாரோ சமைத்துக் கொண்டுவருவார்கள். தொண்டைக்குள் இறங்காது என்று தெரிந்தும், “ஒரு வாய் சாப்பிடு தாயி” என்று பக்கத்தில் உட்காருவார்கள். யாரும் தத்துவம் பேசுவதில்லை. அந்த ஒரு வாயை மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் கருணைதான் என்பேன். கொண்டுவந்தவருக்கும் அன்று ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, தெருவில் இன்னொரு வீட்டில் அதே துக்கம் நேரும்போது, அந்தத் தாயே தூக்குச்சட்டியோடு போவாள். குழந்தைகளுக்கு முதலில் ஊட்டிவிட வேண்டும், காரம் ஆகாது, பெரியவருக்கு ரசம் மட்டும் போதும், மாத்திரை போடும் நேரத்தை யாராவது நினைவுபடுத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.