அதுக்குப் பசிதானே, ஆயா?

போன ஐப்பசியில் பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். "யம்மா, முப்பத்தொண்ணாம் தேதி எங்க அபார்ட்மென்ட்டுல ஹாலோவீன். பாப்பாவுக்குப் பேய் வேஷம் வேணுமாம். கடையில தொங்குது, வாங்கித் தரேன்னா கேக்க மாட்டேங்குறா. எங்க ஆயாதான் தைக்கணுங்குறா."

பேத்திக்கு அப்போது ஐந்து வயது. நான் முப்பது வருஷமாகத் தளவானூரில் தையல் மிஷின் மிதிப்பவள். பாவாடை, ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை, கூத்துக்காரர்களுக்கு உடுப்பு என்று எத்தனையோ தைத்திருக்கிறேன். பேய்க்கு அளவெடுத்ததில்லை. பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர், இவர் கட்டிய எட்டு முழ வேட்டி ஒன்று மேலாக இருந்தது. துவைத்துத் துவைத்து நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரியும். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செஞ்சிக்குப் போய்த் திருவண்ணாமலை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

வேட்டியை வெளியே எடுத்ததும் மகளுக்கு முகம் மாறிவிட்டது. "அப்பாவுதா? வேற துணி இல்லியாம்மா?" நான் பதில் சொல்லவில்லை. குழந்தையை ஸ்டூல் மேல் நிற்க வைத்துத் தலையோடு போர்த்தி, சுண்ணக்கட்டியால் கண்ணுக்கும் வாய்க்கும் குறி போட்டேன். கால் தடுக்காமல் இருக்கக் கணுக்காலுக்கு மேலே ஓரம் மடித்து அடித்தேன். கைக்கு இரண்டு வெட்டு. வெட்டின இடம் பிரிந்து வராமல் கண் ஓட்டைகளைக் காஜா எடுக்கிற மாதிரி கையாலேயே சுற்றித் தைத்தேன். குழந்தை உள்ளேயிருந்து, "ஆயா, தாத்தா வாசன வருது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா பேயா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நாங்கள்தான் காரணம். இவர் இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தோம். பிறகு எப்போது தளவானூருக்கு வந்தாலும் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடிப்போய் இறங்குகிறவர்களையெல்லாம் பார்ப்பாள். குழந்தைக்கு நல்லது என்று நினைத்துச் சொன்ன பொய் அது. அவளை வருஷக்கணக்கில் காத்திருக்க வைத்துவிட்டோம். "தாத்தா செத்துப்போயிட்டாரு கண்ணு. திரும்பி வர மாட்டாரு. அவர் வேட்டி இருக்கு, நீ போட்டுக்கிட்டிருக்க" என்றேன். மகள் என்னை முறைத்தாள். குழந்தை கண்ணாடி முன்னால் போய் நின்று, பேய்ச் சத்தம் போட்டுப் பார்த்தது.

அன்று சாயங்காலம் இருபது இருபத்தைந்து பிள்ளைகள் மாடி மாடியாக ஏறி மிட்டாய் வாங்கினார்கள். ஒவ்வொரு கதவிலும் பேத்தி, "இது எங்க தாத்தா வேட்டி" என்று சொல்லிக்கொண்டே போனாள். பூசணிக்காயைக் குடைந்து முகம் வெட்டித் தரச்சொல்லிக் கேட்டிருந்தாள், அதையும் செய்தேன். குடைந்தெடுத்த சதையை மறுநாள் கூட்டு வைத்தோம். நம் பக்கம் புது வீட்டுக்கு வெண்பூசணியில் அரக்கன் முகம் எழுதித் திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, அதற்கு இது தம்பி மாதிரி. அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்களாம். அமெரிக்காவுக்குக் குடிபோன பிறகுதான் பூசணி வந்ததாம். ஹாலோவீனுக்கு மறுநாள், நவம்பர் 1, புனிதர் எல்லாருக்குமான நாள், நவம்பர் 2 இறந்தோர் நாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஜனங்கள் கல்லறைத் திருநாள் என்று கல்லறையைக் கழுவி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது அந்த இரண்டாம் தேதியில்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்த நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்களாம். பெங்களூர்ப் பிள்ளைகள் கையிலிருந்த மிட்டாய்ப் பைக்கு அடியில் அந்த ரொட்டி கிடக்கிறது. இறந்தவர்களின் பேரால் சாப்பாடு கைமாறுவது எந்த ஊர்க்காரர்களுக்கும் புதிதில்லை.

மாசியில் சண்டை வந்தது. சிவராத்திரிக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தார்கள். அதை ஒட்டி வருகிற அமாவாசையில் மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா. பேத்தி, "ஆயா, இந்த வாட்டி காளி வேஷம்" என்றாள். மகள் ஒரே பிடியாக நின்றாள். "பேய் வேஷம் விளையாட்டும்மா. இது சுடுகாடு. அஞ்சு வயசுப் புள்ளைய அங்கியா கூட்டிட்டுப் போவாங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளையாட்டு, சாமி என்று அவள் பிரித்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் அப்பா கூத்தாடி. பாரதக் கூத்தில் துச்சாதனன் கட்டுவார். செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரியில் திரௌபதியம்மன் கோயில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாரதத் திருவிழாவுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு என்பார்கள். துகில் உரிகிற ராத்திரி, சேலையில் கை வைப்பதற்கு முன்னால் அப்பா கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷம் கட்டியவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார். அந்த வேஷக்காரர் பகலில் அப்பாவோடு நாற்று பிடுங்குகிறவர், மாமன் முறை. வேஷம் பொய் என்றால் எதற்கு மன்னிப்பு? முகத்துக்கு அரிதாரம் போட்டு, கல்யாண முருங்கை மரத்தில் கடைந்து கண்ணாடிச் சில்லு பதித்த புஜகட்டை ஏறிவிட்டால், அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அம்மாகூட கிட்டே போக மாட்டாள். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டு அம்மாதான் துடைப்பாள். "கட்டறப்ப கூட இருந்த கைதான் கலைக்கணும், இல்லன்னா பாதி ஆள் அங்கயே நின்னுடும்" என்பார் அப்பா. அவர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன்.

தெற்கே குலசேகரப்பட்டினத்தில் தசராவுக்கு முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் நாள்கணக்கில் விரதம் இருந்து, வேஷத்தோடு வீடு வீடாகத் தர்மம் எடுத்து, கிடைத்ததைக் கோயிலில் சேர்க்கிறார்கள். காளி வேஷத்துக்கு விரதம் இன்னும் கடுமை. அதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. வேஷம் ஒரு இரவல். கவனமாக வாங்கிக் கட்டி, அதைவிடக் கவனமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளை சாமியையும் சாவையும் தன் உயரத்துக்கு இரவல் வாங்கிப் பார்க்கலாமா என்பதுதான் எனக்கும் மகளுக்கும் இருந்த வழக்கு. வாங்கலாம் என்பது என் கட்சி. கட்டிவிடவும் கலைத்துவிடவும் வீட்டுக் கை இருக்க வேண்டும்.

மகளுக்குக் காரைக்கால் அம்மையார் கதையைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததுதான். மாம்பழத்தைக் கண்டு பயந்து ஓடிய புருஷன், வேறு பெண்ணைக் கட்டி, குடும்பத்தோடு வந்து புனிதவதியார் காலில் விழுந்தான். அவனுக்காகத் தாங்கிய சதை இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கினவர் அவர். ஊர் அவரைப் பேயார் என்றது. ஈசன் அம்மையே என்று கூப்பிட்டான். எலும்பும் ஒட்டிய வயிறுமாகத் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு அறுபத்துமூவர் வரிசையில் நின்று கும்பிடு போடுகிறோம். நமக்குப் பேய் என்ன வெளியூர்ச் சரக்கா? உடம்புதான் வேஷம், கழற்றினால் உண்மை என்று சாமியார்கள் சொல்வதும் எனக்கு முழுசாக ஏறவில்லை. அம்மையார் சதையைக் கழற்றிவிட்டு வெறுமையாக நிற்கவில்லையே. இன்னொரு வடிவம் கேட்டார். அந்த வடிவத்தில்தான் பாட்டு வந்தது.

மகள் கடைசியில், "நானும் வரேன், கைய விட மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் கிரீடம் வெட்டினோம். ஜிகினாக் காகிதம் ஒட்டியது பேத்தி. பாதி கோணல், அப்படியே விட்டேன். நாக்குக்கு மிச்ச சிவப்புச் சாட்டின், உள்ளே கஞ்சித்துணி வைத்து விறைப்பாக்கி, கடிக்கக் கூடாது என்பதற்காக ரப்பர் பேண்டில் கோத்துக் காதில் மாட்டுகிற மாதிரி செய்தேன். முதுகுப் பக்கம் இரண்டு கை அதிகம் வேண்டும் என்றாள். என் பழைய கறுப்பு ரவிக்கையின் கைகளில் பஞ்சடைத்துத் தைத்தேன். முகத்துக்குக் குழந்தைத் தோலுக்கு ஆகாத சாயம் எதுவும் வேண்டாமென்று மஞ்சளும் குங்குமமும் கண்மையும் மட்டும். எலுமிச்சை மாலை நிஜம். அதைக் கோக்கும்போது ஊசி குத்தி அழுதாள்.

மயானக் கொள்ளைக் கதையை முந்தின நாள் எங்கள் ஊர்க் குடைவரையில் உட்கார்ந்து சொன்னேன். பஞ்சபாண்டவர் மலை என்கிறோம், சத்ருமல்லேஸ்வராலயம் என்று கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. மண்டபம் தெற்கே பார்க்கும், உள்ளே சிவன் பக்கவாட்டுச் சுவரில் கிழக்கே பார்த்து இருக்கிறார். வாசலில் நிற்கிற துவாரபாலகர்களைத் தொட்டுப் பார்த்து, "இவங்களும் வேஷமா?" என்றாள்.

பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளினார். அந்த மண்டையோடு அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சை வாங்கிப் போட்டதையெல்லாம் அதுவே தின்றது, அவருக்கு ஒரு பருக்கை மிஞ்சவில்லை. மலையனூர் மயானத்தில் அம்மன் சோற்றை மூன்று கவளமாக்கினாள். இரண்டை ஓட்டில் போட்டாள், மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட மண்டையோடு கீழே இறங்கிற்று. அம்மன் அங்காளியாக ஓங்கி வளர்ந்து அதை மிதித்தாள்.

இந்தக் குகையைக் குடைந்த அதே ராஜாதான் மத்தவிலாசம் என்ற நாடகம் எழுதினான். அதில் காஞ்சிபுரத்துக் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தெருத்தெருவாகத் தேடுகிறான். பௌத்த பிட்சுவைச் சந்தேகப்படுகிறான். கறி வாசனைக்கு நாய் தூக்கிப் போயிருக்கும், பைத்தியக்காரன் ஒருவன் கையிலிருந்து அது திரும்பி வரும். கேரளத்துக் கோயில்களில் சாக்கியார்கள் இன்றும் அதை ஆடுகிறார்கள். பக்கத்து மண்டகப்பட்டில் அவனே செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல் மும்மூர்த்திக்கும் கோயில் எடுத்தான். தலை போன பிரம்மாவுக்கும் அதில் ஓர் அறை. தலையைப் பற்றி அந்த ராஜா நிறைய யோசித்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதுக்குப் பசிதானே, ஆயா? பசிக்கு சாப்ட வந்தத எதுக்கு மிதிச்சாங்க?"

நான் இத்தனை வருஷம் அம்மன் பக்கமிருந்தே கதையைக் கேட்டவள். ஓட்டின் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. "தெரியலையே கண்ணு" என்றேன்.

மறுநாள் மலையனூரில் கால் வைக்க இடமில்லை. காளிகள், அங்காளிகள், இடுப்பில் குழந்தைக் காளிகள். பம்பையும் உடுக்கையும் அடிக்க, அம்மன் மயானத்துக்கு வந்ததும் கொழுக்கட்டை, சுண்டல், தானியம், காய்கறி எல்லாம் வானத்துக்கு எழும்பிக் கொட்டுகிறது, ஜனம் பாய்ந்து பொறுக்குகிறது. எங்கள் ஜனத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. இவரைத் தூக்கிப் போனபோது தெருமுனையோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அம்மன் பின்னால் நடக்கும்போது யாரும் நிறுத்துவதில்லை. சாம்பல் மண்ணில் என் கால் பதிந்தது. பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தாவ இந்த மாதிரி எடத்துலதான் வச்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். சுற்றிப் பார்த்தாள். அழவில்லை. மகள்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அவளுக்கும் அங்கே அப்பாவை வழியனுப்பக் கிடைக்கவில்லை.

ராத்திரி வீட்டுத் திண்ணையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். முதலில் நெற்றி, பிறகு கன்னம், கடைசியில் கண். மஞ்சள் பஞ்சில் வந்துகொண்டே இருந்தது. கிரீடம், நாக்கு, பின்கை இரண்டும் வரிசையாகப் பாயில் கிடந்தன. "ஆயா, நான் வந்துட்டனா?" என்றாள். "இன்னும் காது மட்டும் பாக்கி" என்றேன்.

தூக்கத்தில் கண் சொருகிவிட்டது. வலது கை மட்டும் இறுக்க மூடியிருந்தது. விரித்துப் பார்த்தேன். நசுங்கிய கொழுக்கட்டை ஒன்று, சாம்பல் ஒட்டி. எடுக்கப் போனதும் விழித்துக்கொண்டு கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"இது மண்டையோட்டுக்கு. மிதிச்சதுக்கப்புறம் அதுக்கு யாருமே குடுக்கல."