அரம் படக் கூடாத இடம்

சென்னையிலிருந்து வடக்கே போகும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடியும் இடத்தில் ஆரம்பாக்கம் இருக்கிறது. அங்கே எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு பழைய ஸ்பானிய பிஸ்டல் உண்டு. .32 போர், லாமா என்று பெயர் பொறித்தது, பாஸ்க் நாட்டின் கபிலோண்டோ நிறுவனம் செய்தது. தகப்பனார் வாங்கியதை உரிமம் மாற்றித் தம் பெயருக்குப் பெற்றுக்கொண்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிடியின் இருபுறத்துக்கும் புதிய பலகைகளைத் தேக்கில் இழைத்து, தம் உள்ளங்கையின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி தாமே செதுக்கிக்கொண்டார். தளர்ந்துபோன ஸ்பிரிங்குகளை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து மாற்றினார். அதற்கு மேல் அதில் எதையும் தொடவில்லை. வாய்த்தபோது எழும்பூர் ரைபிள் கிளப்பில் 25 மீட்டர் தூரத்தில் மாட்டிய காகித இலக்கின் முன் நிற்பார். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர்தான். அவருடைய தோட்டாக்கள் எப்போதும் அதற்குள் விழுவதில்லை. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

இதைவிட நல்ல துப்பாக்கி ஒன்றைத் தேடக் கூடாதா என்று அவரைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் பலர் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு பொருள்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டைப் பார்த்து, வேலையைப் பார்த்து, சில நேரம் உடன் வாழும் மனிதரைப் பார்த்தும் கேட்கிறோம். இன்னும் சிறந்தது எங்கோ இருக்கிறது என்ற எண்ணம், கையில் இருப்பதை முழுமையாக அறிய நம்மை விடுவதில்லை.

அந்தப் பிஸ்டல் பிறந்த மண்ணைச் சற்றுப் பார்க்கலாம். ஸ்பெயினின் வடக்கே மலைகளுக்கு இடையில் எய்பார் என்று ஓர் ஊர். பெரிய ஆலைகளைவிடச் சிறு பட்டறைகளால் வாழ்ந்த ஊர் அது. ஒரு வீட்டில் குழல், இன்னொரு வீட்டில் ஸ்பிரிங், மூன்றாவது வீட்டில் சட்டம் என்று தெருவே ஒரு தொழிற்சாலையாக இருந்தது. அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு யூனிட்டுகளைக் கண்டவர்களுக்கு அந்த ஊரின் நாடித்துடிப்பை விளக்க வேண்டியதில்லை. 1915-இல், முதல் உலகப் போரின் நெருக்கடியில், பிரெஞ்சு ராணுவம் கைத்துப்பாக்கி கேட்டு அந்த ஊருக்கு வந்தது. கபிலோண்டோ நிறுவனம் பிரவுனிங்கின் வடிவத்தைத் தழுவிச் செய்த ரூபி என்ற எளிய பிஸ்டலை லட்சக்கணக்கில் கேட்டது. ஒரு நிறுவனத்தால் ஆகாத காரியம் அது. பல பட்டறைகள் பங்கிட்டுக்கொண்டன. வடிவம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பட்டறையின் அளவும் சற்றே வேறு. ஒருவர் செய்த மேகசின் மற்றவர் செய்த பிஸ்டலுக்குள் சரியாக உட்காராது. எது எதற்குச் சேரும் என்று தெரிவதற்காக இரண்டெழுத்து முத்திரை குத்த வேண்டியதாயிற்று.

போர்முனையில் அது பெருங்குறைதான். வீரன் ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடமிருந்து வாங்கிய மேகசின் பொருந்தாமல் போனால் அவன் உயிருக்கு யார் பொறுப்பு? அந்தக் குறையை நான் அழகுபடுத்த விரும்பவில்லை. ஆனால் அதற்குள் இன்னோர் உண்மையும் இருந்தது. அந்த இரும்பு ஒவ்வொன்றிலும், கடைசிக் கணத்தில் அரத்தை எடுத்து இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திய ஒரு மனிதனின் கைப்பதிவு இருந்தது.

பொருள்களின் விலை எவ்வளவு நிலையற்றது என்பதற்கும் இந்தத் துப்பாக்கிகள் சாட்சி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்பானிய பிஸ்டல் என்றாலே வசதி குறைந்தவர் வாங்குவது என்ற எண்ணம் இருந்தது. அதே பொருள் இந்தியாவுக்குள் வந்ததும் கதை மாறியது. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு அடைபட்டது. அதற்கு முன் வந்து சேர்ந்த பழைய அயல்நாட்டுத் துப்பாக்கிகள், ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன என்ற ஒரே காரணத்தால், புதியவற்றைவிட விலை ஏறின. இரும்பு அதேதான், குழலின் உள்வரிகளும் அதேதான். நாம் ஒரு பொருளின் மதிப்பு என்று நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி, அதைச் சுற்றி எழுப்பிய சுவர்களின் உயரம்தான் என்று இதைப் பார்க்கும்போது தோன்றுகிறது. பிட்டர் அந்த விலையைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை. அவர் பேசுவதெல்லாம் ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பும்போது எழும் ஓசையைப் பற்றி. மழைக்காலத்தில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் எண்ணெய் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதைப் பற்றி.

குறையே இல்லாமல் முடித்துத் தரப்படும் பொருள் நம்மை வியக்க வைக்கிறது. ஆனால் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. அதன் முன் நாம் வெறும் பயனாளிகள். சற்றே முடிக்கப்படாமல் விடப்பட்ட எளிய பொருளோ நம் கவனத்தையும் பொறுமையையும் அறிவையும் கேட்கிறது. கொடுத்தால் அதற்குள் நமக்கும் ஓர் இடம் தருகிறது. திருவொற்றியூரில் 1955 முதல் எழுந்த என்ஃபீல்டு ஆலையில் பிறந்த பழைய புல்லட்டுகளை இன்றும் தட்டிக்கொட்டி ஓட்டுபவர்களிடம் இந்த உறவைப் பார்க்கலாம். துப்பாக்கியைப் போலச் செய்தது என்று பெருமை பேசிய வண்டி அது. அதன் முத்திரையில் பீரங்கியே இருந்தது. எஞ்சினின் தட்டலைக் கேட்டே நோய் சொல்லும் மெக்கானிக்கும், பிடியின் பலகையில் அரை மில்லிமீட்டர் இழைத்துவிட்டு மறுபடி கையில் ஏந்திப் பார்க்கும் பிட்டரும் ஒரே பாடத்தின் மாணவர்கள். ஒரு பொருளைத் திருத்தும்போதுதான் அதை உண்மையில் படிக்கிறோம்.

ஆயினும் திருத்தும் ஆசைக்கு ஓர் ஆபத்து உண்டு. அதைக் கற்றுக் கொடுப்பது அரம்தான். ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். முதலில் கையில் தருவது ஓர் இரும்புக் கட்டியும் ஓர் அரமும். நான்கு பக்கமும் மட்டமாக, மூலைமட்டத்துக்கு வெளிச்சம் தெரியாமல் ராவ வேண்டும். ஒரு பக்கம் சற்று அதிகமாகிவிட்டால் அதைச் சரிக்கட்ட எதிர்ப் பக்கம்; பிறகு மறுபடி இந்தப் பக்கம்; கடைசியில் அளவே போய்விடும். ராவிய இரும்பு திரும்பி வராது. மரத்தை மாற்றலாம், திருகைக் கழற்றலாம், ஸ்பிரிங்கைத் திரும்பப் போடலாம். இரும்பிலிருந்து ஒருமுறை எடுத்த துகளை எந்தத் தொழில்நுட்பத்தாலும் அதே இடத்தில் அதே உறுதியோடு வைக்க முடியாது. இதனால்தான் நம் பிட்டர் தம் பிஸ்டலோடு வந்த பழைய பிடிப் பலகைகளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். தாம் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பின்னால் வருபவர் விரும்பினால் நீக்கிவிடக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஒருமுறை அவருடைய தோட்டாக்கள் இலக்கின் நடுவை விட்டு இடப்பக்கம் கீழாகக் கூட்டமாக விழுந்துகொண்டிருந்தன. கீழே விழுந்தால் முன் சைட்டின் உயரத்தைச் சற்றுக் குறைக்கலாம். அதற்கு அரத்தால் நாலு இழுப்பு போதும். பக்கத்தில் இருந்த ஒருவர் அதைத்தான் யோசனையாகச் சொன்னார். பிட்டர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: “மொதல்ல கையப் பாக்கணும் சார். அதுக்கப்புறம்தான் கன்னப் பாக்கணும்.” வலக்கையால் சுடுபவர் டிரிகரை மெல்ல அழுத்தாமல் சட்டென்று இழுத்தால், குழலின் முனை தாழ்ந்து இடப்பக்கம் சாயும் என்பது சுடும் கலையின் பாலபாடம். பலமுறை வெறும் ஸ்னாப் கேப் போட்டு விரலைப் பழக்கினார். கூட்டம் மெல்ல மேலேறியது. அரம் பெட்டியிலேயே இருந்தது. அன்று சைட்டை ராவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையின் பிழை இரும்பின் பிழையாக நிலைத்திருக்கும்; பின்னால் கை திருந்தியபோது, அந்தத் திருத்தமே குற்றமாகத் தெரிந்திருக்கும். இப்படி நம் விரலின் பதற்றத்துக்காக எத்தனை வெளிப்பொருள்களை, எத்தனை விதிகளை, எத்தனை மனிதர்களை ராவியிருக்கிறோம் என்று எண்ணும்போது மனம் நடுங்குகிறது.

துப்பாக்கி என்பதால் இந்த எச்சரிக்கை இன்னும் கனக்கிறது. மற்ற கருவிகளில் தவறு பொருளோடு போகும். இதில் உயிரோடு போகும். டிரிகரின் கனத்தைக் குறைத்தால் குறி கூடும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் பந்தய விதிகளே 25 மீட்டர் பிஸ்டலுக்கு ஆயிரம் கிராமுக்குக் குறையாத டிரிகர் வேண்டும் என்கின்றன. உள்ளே இரண்டு சிறு இரும்பு விளிம்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவற்றை அளவு மீறி மழுக்கினால், விரல் கேட்காத நேரத்தில் குதிரை விழும். அந்த விளிம்பில் அரம் படக் கூடாது. நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் மாற்றியமைப்பதும் உரிமம் பெற்றவரின் வேலை. உரிமமின்றிக் குழலைக் குட்டையாக்குவது குற்றம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சிலர் அதை அவமானமாக நினைக்கிறார்கள். பிட்டர் ஆரம்பாக்கம் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, தேர்தல் முடிந்ததும் போய் வாங்கி வருவார். தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் பொருளின் மேல் ஊருக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை அவர் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பிஸ்டல்கள் பிறந்த மண்ணே இந்தக் கனத்தைச் சுமந்தது. எய்பாருக்கு வடமேற்கே உள்ள கெர்னிகாவில் அஸ்த்ரா என்ற பிஸ்டல் தொழிற்சாலை இருந்தது. 1937 ஏப்ரல் 26 அன்று விமானங்கள் குண்டு பொழிந்து அந்த ஊரின் வீடுகளைச் சாம்பலாக்கின. துப்பாக்கித் தொழிற்சாலை நின்றது, மக்கள் மாண்டார்கள். இதை அறிந்த பிறகு, காகித வட்டத்தில் துளை விழுவதைக் கண்டு மகிழும் நாம் அந்த மகிழ்ச்சிக்குத் தகுதி தேடிக்கொள்ள வேண்டியவர்கள் ஆகிறோம். தகுதி எங்கிருந்து வரும்? அழிக்கும் ஆற்றல் முழுவதும் கையில் இருக்கும்போதே, மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, காகிதத்துக்கு அப்பால் எதையும் நாடாமல், கடைசித் தோட்டாவுக்குப் பின் அறையைத் திறந்து காலியென்று காட்டிவிட்டுக் கீழே வைக்கும் அந்த ஒழுங்கிலிருந்துதான் வரும். ஆற்றலை மறுப்பவனிடம் அடக்கத்துக்கு வேலை இல்லை. ஆற்றலில் மயங்குபவனிடம் அடக்கத்துக்கு இடம் இல்லை. இரண்டுக்கும் நடுவில், தன் கையில் இருப்பது என்ன என்று முழுமையாக அறிந்தவனிடம்தான் அது குணமாகக் கனிகிறது. திருத்தத் தெரிந்திருந்தும் திருத்தாமல் விட்ட இடங்களும், செய்ய முடிந்திருந்தும் செய்யாமல் நின்ற கணங்களும் சேர்ந்தே ஒரு மனிதனின் உருவம் அமைகிறது என்ற எண்ணத்துக்கு, அந்தப் பழைய இரும்பு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

எய்பார் துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. குழல் துளைத்த கைகள் மிதிவண்டிக்கு எஃகுக் குழாய் வளைத்தன. ஓர்பியா, பி.ஹெச். என்ற மிதிவண்டிப் பெயர்கள் இரண்டும் துப்பாக்கிப் பட்டறைகளில் பிறந்தவை. ஆயுதத் தொழிலாளர்கள் கூட்டுறவாகத் தொடங்கிய ஆல்ஃபா, தையல் இயந்திரம் செய்து பெயர் பெற்றது. பிஸ்டல் செய்த அஸ்த்ரா, ஸ்டார் நிறுவனங்கள் 1997-இல் மூடப்பட்டன. லாமாவும் சில ஆண்டுகளில் அடங்கியது. இனி இந்தப் பிஸ்டல்களுக்கு ஆலையிலிருந்து உதிரிபாகம் வராது. உலகில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஒவ்வொன்றும் அதை வைத்திருப்பவரின் அறிவையும் பொறுப்பையும் மட்டுமே நம்பி வாழ்கிறது.

பிட்டருக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் துப்பாக்கியில் நாட்டம் இல்லை. தந்தை வழியாக வந்த பொருள் தம்மோடு முடிகிறதே என்ற வருத்தம் அவருக்கு இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். “விருப்பம் இல்லாதவன் கையில இதத் திணிக்கக் கூடாதுங்க சார். நான் நல்லா இருக்கும்போதே லைசென்ஸ் இருக்கிற கடையில ஒப்படைச்சுட்டு, எழுத்து வாங்கிடுவேன்” என்றார். அதற்கான விண்ணப்பத்தில் என்னென்ன தாள் இணைக்க வேண்டும் என்று அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறார்.