சிரத்தையும் சிரார்த்தமும்

கண்டியிலிருந்து வடக்கே புறப்படும் ஏ9 வீதி கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து அலவத்துகொடைக்கு வருகிறது. இங்கே மூன்று சமூகத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறார்கள். பௌத்த வீட்டில் சாவு விழுந்தால் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் தானம் கொடுத்து, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பார்கள். முஸ்லிம் வீட்டில் துஆ ஓதுவார்கள். இந்து வீட்டில் கருமாதி, பிறகு ஆண்டுதோறும் திவசம் எனப்படும் சிரார்த்தம். வழிகள் வேறு, போனவர் அமைதி பெறவேண்டும் என்ற வேண்டுதல் ஒன்றுதான்.

ஆனால் கேள்வி கேட்டதற்காகவே கொல்லப்பட்டவருக்கு எந்தச் சடங்கு பொருந்தும்?

இதே வீதி போய் முடியும் யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி ஒரு நட்பு வட்டத்தின் முன்னால் வந்து நின்றது. ராஜினி திராணகம யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். சிங்களவரான தயாபாலவை மணந்தவர். கணிதவியலாளர்கள் ராஜன் ஹூல், கோபாலசிங்கம் சிறீதரன், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோருடன் சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதினார். இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 1987 ஒக்டோபரில் மூண்ட போரில் பெண்கள் பட்டதை, அவர்களிடமே கேட்டுப் பதிவுசெய்தார். இலங்கை அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என எவருக்கும் அந்த நூல் சலுகை காட்டவில்லை. தம் சமூகத்தின் மௌனத்தையும் அது விசாரித்தது.

1989 செப்டெம்பர் 21. பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் ராஜினி சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது வயது 35. கொன்றது விடுதலைப் புலிகள் என்றே அவருடைய குடும்பத்தாரும் தோழர்களும் சொல்லிவந்திருக்கிறார்கள்.

சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாநோன்பிருந்து உயிர்விட அமர்ந்தபோது, அதுவரை நேரில் பார்த்திராத பிசிராந்தையார் வந்து உடனிருந்து உயிர்விட்டார். தமிழில் நட்பின் உச்சம் அது. ராஜினியின் தோழர்களுக்கோ அந்த வழி இல்லை. அவர்கள் உயிரோடு இருந்தால்தான் வேலை நடக்கும். ஹூலும் சிறீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, தலைமறைவாகவே மனித உரிமை அறிக்கைகளை எழுதிவந்தார்கள்.

செத்தவரை நிம்மதியாக விடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. துக்கத்துக்குத் தேதி குறித்துக் கொடுக்கும் சடங்குதான் உயிரோடிருப்பவரைச் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் திரும்பக் கூட்டிவருகிறது. ஆனால் சிரார்த்தம் என்ற சொல்லே சிரத்தையிலிருந்து வந்தது. வடமொழியில் அது நம்பிக்கை. தமிழ்ப் பேச்சிலோ கவனம், அக்கறை. ஒரு சாட்சியை மறுபடி விசாரிப்பதும், ஊரையும் தேதியையும் சரிபார்ப்பதும், நம் பக்கத்தார் செய்த கொலையையும் விடாமல் எழுதுவதும் அந்தச் சிரத்தைதான். ராஜினிக்கு மாலை போட்டுவிட்டு, சங்கடமான உண்மைகளை விழுங்கியிருந்தால், தோழர்கள் அவரை இரண்டாம் முறை இழந்திருப்பார்கள்.

அவர்கள் விழுங்கவில்லை. ஹூலுக்கும் சிறீதரனுக்கும் 2007இல் மனித உரிமைப் பணிக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது. ராஜினி தொடங்கி போரின் முடிவு வரையான கதையை ஹூல் இன்னொரு நூலாக எழுதி 2015இல் வெளியிட்டார். ராஜினியின் கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

‘முறிந்த பனை’ தமிழிலும் கிடைக்கிறது. அலவத்துகொடை வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்கள் அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.