விழாத கோல்களின் கணக்கு



1962ஆம் வருஷம் செப்டம்பர் 4ஆம் தேதி, ஜகார்த்தா நகரத்து விளையாட்டரங்கில் லட்சத்தை நெருங்கிய ஜனத்திரள், இந்தியர் காலில் பந்து பட்டபோதெல்லாம் ஏளனக் கூச்சல் எழுப்பிக்கொண்டிருக்க, தலையில் பட்ட காயத்துக்குப் போட்ட தையலோடு ஒரு பஞ்சாபி இளைஞர், ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை எதிர்த்து முன்வரிசையின் நடுவில் வந்து நின்றார். அவர் பெயர் ஜர்னைல் சிங். வாஸ்தவத்தில் அது அவருக்கு உரிய இடமன்று. எதிரணியின் சென்டர் ஃபார்வேர்டை மறித்து நிற்கும் ஸ்டாப்பர் ஸ்தானமே அவருடையது. முன்னதாகத் தாய்லாந்தோடு நடந்த ஆட்டத்தில் அடிபட்ட அவரை, பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம் ஓய்வில் உட்கார வைக்காமல் முன்னணிக்கு மாற்றினார். அடுத்த ஜூன் மாதத்திலேயே புற்றுநோய்க்கு இரையாகப் போகிற அந்த மேதையின் கணிப்பு பிசகவில்லை. 17ஆம் நிமிஷத்தில் பி. கே. பானர்ஜியும், 20ஆம் நிமிஷத்தில் ஜர்னைலும் கோல் போட்டார்கள். இந்தியா 2-1 என்று ஜயித்துத் தங்கப் பதக்கம் பெற்றது.

அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் ஜர்னைல் சிங்கின் பெயரைச் சொன்னால் முதலில் அந்தக் கோல்தான் பேச்சில் வருகிறது. அது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. 1959 முதல் 1968 வரை மோகன் பகான் அணியிலும், 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலும், 1964இல் இந்தியா இரண்டாமிடம் பெற்ற ஆசியக் கோப்பையிலும் அவர் செய்த காரியம் கோல் போடுவதன்று, கோல் விழாமல் காப்பது. 1965 முதல் 1967 வரை தேசத்தின் அணிக்குத் தலைமை தாங்கியதும், ஆசியாவின் நட்சத்திர அணிக்கே தலைவராக நியமிக்கப்பட்டதும் அந்தக் காவல் தொழிலின் கீர்த்தியால்தான்.

அந்தத் தொழிலைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். பந்தோடு பாய்ந்து வருகிறவனின் கால் வித்தையில் கண்ணைப் பறிகொடுக்கிற காவலன் ஏமாந்தான். அவன் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறதென்று கவனித்து, அவனுக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவே தன் உடம்பைக் கொண்டு நிறுத்தி, அவசரப்பட்டுக் காலை நீட்டாமல் ஓரடி ஓரடியாகப் பின்வாங்கி, பந்து அவன் காலைவிட்டு ஒரு சாண் விலகுகிற அந்த ஒரு க்ஷணத்தில் மட்டுமே பாய்கிறவன்தான் தேர்ந்த காவலன். அப்படிப் பாய்ந்து பந்தைப் பிடுங்கி ஓரத்துக்கு அனுப்பினால், கூட்டம் அரை நொடி கை தட்டிவிட்டு மறந்துவிடும். நம் கொங்குச் சீமையில் சோளக்காட்டுப் பரண்மேல் கவணோடு பகலெல்லாம் நிற்கிறவன் பாடும் அதுவே. களத்துமேட்டில் மூட்டை எண்ணுகிறபோது குருவி தின்னாத கதிர் எவ்வளவு என்று யார் எண்ணுகிறார்கள்?

ஜகார்த்தா ஆட்டத்திலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. இரண்டு கோலும் இருபது நிமிஷத்துக்குள் விழுந்துவிட்டன. கொரியர்களுக்கு ஒரு கோல் கிடைத்ததோ 85ஆம் நிமிஷத்தில். இடைப்பட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல், முதல் சுற்றில் தங்களை 2-0 என்று வென்றிருந்த அதே அணியைத் தடுத்து நிறுத்தியவர்களில் அருண் கோஷ் இருந்தார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் இரிஞ்ஞாலக்குடையிலிருந்து வந்த சந்திரசேகரன் இருந்தார். கோல் கம்பத்தினடியில் பீட்டர் தங்கராஜ் இருந்தார். தங்கராஜ் நமக்கு அந்நியரல்லர். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வரும் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணி, 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றபோது அதற்குக் கோல் காத்தவர். பானர்ஜியின் கோலைப் போற்றுகிற அளவுக்கு இவர்களுடைய அந்த ஒரு மணி நேரத்தையும் போற்ற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊரிலும் ஒரு காட்சி கண்டோம். 2019 மார்ச் 9ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில், ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்ட சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 43 புள்ளிகளோடு ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. அன்று இரண்டு கோல் போட்டவர் பின்களத்தில் ஆடிவந்த அஸ்ஸாம் இளைஞர் கௌரவ் போரா. அவரையும் ஊர் அந்தக் கோல்களால்தான் அறிந்தது.

கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் கோடை விடுமுறையில் கால்பந்துப் போட்டி நடத்துகிற பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அதிகக் கோல் போட்ட பையனுக்குக் கோப்பை கொடுக்கிறீர்கள், மிக நன்று. அதே உயரத்தில், அதே மேடையில், சிறந்த காவலனுக்கும் ஒரு கோப்பை வையுங்கள். அதைத் தீர்மானிக்க, பழைய ஸ்டாப்பர் ஒருவரை ஆட்டம் முழுவதும் மைதான ஓரத்தில் உட்கார வையுங்கள். யாருக்குச் சேர வேண்டுமென்று அவருக்குத் தெரியும்.