துக்கமும் ஒரு தவளையும்

வங்கியில் நவம்பர் என்பது உயிரோடிருப்பவர்கள் வரும் மாதம். மத்திய அரசில் ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இந்த மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் தரவேண்டும். 2014இலிருந்து விரல்ரேகை வைத்துக் கணினி வழியாகவும் தரலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் கிளைக்கு நேரில் வந்து நிற்பதையே பலர் விரும்புகிறார்கள். இருக்கிறோம் என்பதை இன்னொரு மனிதன் பார்த்துச் சொன்னால்தான் அவர்களுக்குத் திருப்தி. 2021 நவம்பரில் அந்த வரிசை குட்டையாக இருந்தது. என் மேஜையில் இன்னொரு கட்டு வளர்ந்துகொண்டிருந்தது. இறந்தவர்களின் கணக்கை முடித்து வாரிசுக்குப் பணம் தரும் விண்ணப்பங்கள். அவற்றில் ஒன்று என் அம்மாவுடையது.

அப்பா அந்த வருஷம் மே மாதம், முழு ஊரடங்கு தொடங்கிய மறுவாரம், தொற்றில் போனார். பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். தெருவே கூடியிருக்க வேண்டிய சாவு. நாலு பேர், அதுவும் தள்ளி நின்றோம். அழுவதற்கு வந்த பெண்கள் இல்லை. கருமாதி என்று பெயருக்கு ஒன்று நடந்தது. சடங்குகளில் நம்பிக்கை இல்லாதவன் நான். ஆனால் துக்கத்துக்கு ஓர் உருவமும், அதனாலேயே ஓர் எல்லையும் அவை கொடுத்துவந்தன என்பது அவை இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது. எல்லை இல்லாத துக்கத்துக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வீட்டில் ரேடியோ இல்லை, நண்பர்கள் இல்லை, புத்தகங்கள்கூடக் கனமானவை மட்டும்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. மழைக்காலத்தில் குழித்தறிக்காரனுக்கு வானம் மட்டுமல்ல, தரையும் எதிரி. கால் வைத்து மிதிக்கிற குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. வேலை நிற்கும், கூலியும் நிற்கும். எங்கள் வீட்டுத் தறி அப்போது வெறுமையாகத்தான் இருந்தது. அப்பா பாதியில் விட்ட சேலையை இன்னொருவர் நெய்து முடித்துக் கொடுத்துவிட்டார். ஆனாலும் குழியில் தண்ணீர் ஊறியது, பழக்கம் மறக்காதது போல.

ஒரு காலை அம்மா டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். குழிக்குள் ஒரு தவளை. அப்பாவின் கால் இருக்கும் இடத்தில், மிதியின் மேல், முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. இவள் இறைக்க இறைக்க அது நகரவில்லை. ஆறு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது. “என்னம்மா சிரிப்பு?” என்று கேட்டேன். கேட்ட தொனி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கோபம் எதன் பேரில் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இறந்தவருக்கு நாம் துரோகம் செய்யக்கூடாது என்ற நியாயத்தின் பேரில்தான் வந்தது. சந்தோஷம் மறதியின் அடையாளம், மறதி துரோகம், ஆகவே சந்தோஷம் துரோகம். கணக்கு சுத்தமாக இருந்தது. எங்கோ தப்பும் இருந்தது.

வேர்ட்ஸ்வொர்த்தின் மகள் கேதரின் 1812இல் மூன்று வயதில் இறந்துபோனாள். அதைப் பற்றி அவர் எழுதிய சானெட் ஒன்று 1815இல் வெளியாயிற்று. பி.ஏ. வகுப்பில் சானெட் எப்படி அமைகிறது என்பதற்கு உதாரணமாகத்தான் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் நடப்பது இவ்வளவே. எதிர்பாராமல் ஒரு சந்தோஷம் வருகிறது. அதைப் பகிர்ந்துகொள்ள அவர் திரும்புகிறார். யாரிடம் திரும்பினாரோ அவள் புதைக்கப்பட்டுவிட்டாள். ஒரு கணமேனும் எப்படி மறந்தேன் என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்.

குற்றச்சாட்டை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தத் திரும்புதல்தான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அன்று அம்மாவும் திரும்பினாள். என் கேள்வியை நினைத்துப் பார்க்கும்போதுதான் அதற்கு முந்திய கணம் ஞாபகம் வந்தது. சிரித்தவள் உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பி, “ஏங்க, இங்க வந்து பாருங்களேன்” என்றாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலோடு கரையைக் கோக்க நெய்பவர் ஒருவர் போதாது, பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளவேண்டும். அப்பாவுக்கு அந்த ஆள் அம்மா. பார்த்ததையெல்லாம் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லியே பழகியவள். துக்கத்தில் இருந்த ஆறு மாதமும் அவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள். சிரித்த அன்றுதான் அப்பாவோடு பேசினாள். என் கணக்கில் இருந்த தப்பு இதுதான். அந்தச் சந்தோஷம் இறந்தவரை மறந்து வரவில்லை, அவருடைய விலாசத்துக்கே வந்தது. ஆள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லலாம். சாவு வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை என்று ஊர் வழக்கமே சொல்கிறதே? சொல்கிறது. ஆனால் அது தடை செய்வது பண்டிகையை, அதாவது நாள் குறித்து அறிவித்துக் கொண்டாடும் சந்தோஷத்தை. சிரிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வழக்கத்தைவிட நான் கடுமையாக இருந்தேன்.

கச்சியோடு சம்பந்தப்பட்ட காவியமான ‘மணிமேகலை’யில் இதற்கு ஒரு வினோதமான சாட்சி இருக்கிறது. குழந்தையாக இருந்த மகனைக் கடலில் இழந்த சோழ மன்னன், அந்தத் துக்கத்தில் இந்திர விழா எடுக்க மறந்துபோகிறான். புகார் நகரைக் கடல் கொள்கிறது. இதைத் தெய்வ கோபம் என்று விட்டுவிடலாம். எனக்கு வேறு மாதிரி படுகிறது. மன்னன் அழுதது தவறு என்று காவியம் சொல்லவில்லை. ஒருவனுடைய துக்கம் எல்லோருக்கும் சட்டமாகும்போது ஊர் மூழ்குகிறது. தறிக்குழி அருகில் நின்று அம்மாவை அதட்டிய நான் அந்த மன்னனின் சிறு பிரதிதான். துக்கத்தில் நேர்மை என்று நான் நினைத்ததில் அதிகாரம் கலந்திருந்தது.

புகார் அழிந்த பிறகு மணிமேகலை கச்சிக்கு வருகிறாள். இங்கே மழை பொய்த்துப் பசி. அவள் முதலில் அமுதசுரபியால் சோறு போடுகிறாள். அறவண அடிகள் தருமம் உரைப்பது அதற்கடுத்த காதையில். இந்த வரிசை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. பிறப்பே துன்பம் என்று போதிக்கப்போகிற காவியம், அதற்கு முன் ஒரு பிடி சோறு போடுகிறது. சிறு சந்தோஷமும் அந்தச் சோறு போலத்தான். அது உண்மையா, ஆழமானதா என்று அதைக் கேட்கவேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் தெம்பை அது தருகிறது.

இங்கேயே நிறுத்தினால் இது வாரப் பத்திரிகை உபதேசமாகிவிடும். அந்த நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. வருஷக்கணக்காக மணலாகக் கிடந்த ஆறு கரை தொட்டு ஓடியது. ஊர் திரண்டு போய்ப் பார்த்தது, நானும் போனேன். பக்கத்தில் நின்ற ஒரு நெசவாளி, மூன்று வாரமாகத் தறியில் உட்காராதவர், “கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குது” என்றார். அந்தத் ‘தான்’ அவருக்குச் சொந்தம். மாதச் சம்பளம் வாங்கும் நான் அதை எடுத்துக்கொண்டு, பார், கூலி இல்லாதவன்கூட ஆற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறான் என்று எழுதினால், அது மன்னன் செய்ததைவிட மோசமான காரியம். துக்கத்தைச் சட்டமாக்குவது போலத்தான் சந்தோஷத்தைச் சட்டமாக்குவதும். சிறு சந்தோஷம் ஒருவனுக்கு நேரலாம். அதை இன்னொருவனுக்குச் சிபாரிசு செய்ய முடியாது. சிபாரிசு செய்யும்போது அது, கிடைக்காமல் போன கூலிக்கு ஈடாகத் தரப்படும் செல்லாத காசு.

ஆகவே யாருக்கும் நான் எதையும் சொல்லவில்லை. அம்மாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கும் பழக்கம் இல்லை. இரண்டு நாள் கழித்து ஆபீசிலிருந்து வந்து, “அது இருக்குதாம்மா?” என்று கேட்டேன். “எது?” என்றாள். “தவளை.” அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இப்போது நான் அதிகாரிக்கு அனுப்பும் படிவங்களில் வருகிற பார்வை அது, ஆள் இருக்கிறானா என்று சரிபார்க்கிற பார்வை.

“ராத்திரியெல்லாம் கத்துது. அங்கப்பனுக்குத் தூக்கம் வராதுன்னு நெனைச்சேன்” என்றாள். இந்தத் தடவை நிறுத்திக்கொள்ளவில்லை.