கறையும் சாட்சியும்

மனிதன் தான் பிறந்த ஊரை மறைத்துவிடலாம். வந்த வழியையும் மறைத்துவிடலாம். எண்ணெயால் அது முடிவதில்லை.

பூமிக்குள் பெட்ரோலியம் கிடைக்கும் இடம் வேறு. பிறந்த இடம் வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்து சேற்றில் புதைந்த நுண்ணுயிர்கள், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தாய்ப்பாறைக்குள் எண்ணெயாகின்றன. அந்த எண்ணெய் கல்லின் நுண்துளைகள் வழியே ஊர்ந்து, மேலே வழி அடைபட்ட ஏதோவொரு மணற்பாறையில் வந்து தங்குகிறது. நம் காவிரிப் படுகையிலும் இதுதான் கதை.

இந்தப் பயணத்தைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆனால் சாட்சி உண்டு. 1930-களில் ஆல்ஃப்ரெட் டிரைப்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், கச்சா எண்ணெயில் இலைப் பச்சையத்தின் எச்சத்தைக் கண்டார். பின்வந்தவர்கள், பாக்டீரியாக்களின் உடலிலிருந்து வந்த ஹோப்பேன் முதலிய பொருள்களை அளந்து, எந்தத் தாய்ப்பாறையின் பிள்ளை இது என்று கண்டுபிடிக்கிறார்கள். நைட்ரஜன் கலந்த கார்பசோல் என்ற பொருள்களோ வழிநெடுகக் கல்லில் ஒட்டிக்கொண்டே போகின்றன. எண்ணெய் எதை, எவ்வளவு இழந்திருக்கிறது என்று பார்த்து, அது வந்த தூரத்தை மதிப்பிடுகிறார்கள். இழப்பைக் கொண்டு பயணத்தை அளப்பது மனிதருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே சாட்சி தரைக்கு மேலும் பேசுகிறது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியது. அங்கே கரையில் கிடந்த தார்க்கட்டிகள் சிலவற்றைச் சோதித்தபோது, அவை கலிபோர்னிய எண்ணெயின் மிச்சம் என்று தெரிந்தது. குற்றவாளியைக் காட்டும் சாட்சி, செய்யாத குற்றத்திலிருந்தும் ஒருவரை விடுவிக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து அது வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது.

இங்கேதான் என் கேள்வி. சாட்சி இருந்தால் நீதி வந்துவிடுமா? கழிமுகத்து எண்ணெயில் ஒரு துளி போதாது. சந்தேகப்பட்டவரின் தொட்டியிலிருந்தும் ஒரு துளி வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை வெளிவரும். அந்தக் கதவைத் தட்டிக் கேட்க ஒருவர் வேண்டும். திறக்க ஒருவர் வேண்டும். கல் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்டால்தான் பேசுகிறது.

கொடுங்கையூரில் நின்று பார்த்தால் கேள்வி இன்னும் கனக்கிறது. பல பத்தாண்டுகளாக நகரம் கொட்டிய குப்பை அங்கே மலையாயிற்று. அந்தப் புகை எந்தத் தெருவின் புகை? எந்த வீட்டின் நாற்றம்? எந்தச் சோதனைக்கூடமும் சொல்லாது. தனி ஒருவன் செய்த தீங்குக்கு முகவரி உண்டு. எல்லோரும் சேர்ந்து செய்த தீங்குக்கு முகவரி இல்லை.

அதனால், 'எல்லோரும்தானே குற்றவாளிகள்' என்று பெருமூச்சு விட்டு, முகவரி தெரிந்தவனையும் தப்பவிடலாமா? கூடாது. அது பெருந்தன்மையன்று, சோம்பல். எண்ணெயைச் சிந்தியவன் ஈடு கொடுக்க வேண்டும். அந்த எண்ணெயில் வண்டி ஓட்டும் நாம், அவன் கொடுத்தானா என்று கேட்க வேண்டும். கேட்பதற்குக்கூட மனமில்லாதவர்களுக்குக் கல்லின் சாட்சியால் என்ன பயன்?